சேமிக்கப்பட்டது

மார்ச் 3, திங்கள்

இரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூறு. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் பார்த்துச் சொன்னார்கள். ஊழியர் சலுகை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. “உப்பைக் குறைங்க. கோபத்தைக் குறைங்க. குறைக்க முடியலன்னா யார்மேலயும் காட்டாம எழுதி வைங்க” என்றார் தலைமை டாக்டர். உப்பு, மனைவி லேகாவின் கையில். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். காலையிலேயே சாம்பாரில் சோதனை தொடங்கிவிட்டார். எழுதுவது என் பங்கு.

சிதம்பரதாணு, வயது நாற்பத்து மூன்று. நாகர்கோவிலில் நூற்றிருபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர். பிரிவில் இருப்பது நான் ஒருவன். அதனால் தலைமைக்குப் போட்டி கிடையாது. சர்வர் இருக்கும் அறை முன்பு அழுக்குப் போர்வை போட்டு வைக்கும் அறை. இப்போதும் பினாயில் மணக்கும். சர்வருக்கு வயது ஒன்பது. புது டிஸ்க் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். நிர்வாக அதிகாரி பொன்னையா சார் மூன்று முறையும் “பரிசீலனையில்” என்று எழுதித் திருப்பினார். கையெழுத்து அழகாக இருக்கும்.

மார்ச் 5, புதன்

காலை எட்டு மணிக்கு லேபில் இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு எண்பது பேர். எட்டு அஞ்சுக்கு ஜெபசீலி அக்கா போன். இங்கே இருபத்தாறு வருஷமாக லேப் டெக்னீசியன். நான் சேர்ந்த அன்று எனக்கு இரத்த வகை பார்த்தவர். அந்த உரிமையில் என்னை அரட்டுவார்.

“தாணு, ஒரு ரிசல்ட்டைப் போட்டு சேவ் கொடுத்தா அந்தச் சக்கரம் நாப்பது செகண்டு சுத்துகு. நான் அதைப் பாத்து ஜெபம் பண்ணிட்டு இருக்கணுமா?”

“டிஸ்க் பழசுக்கா.”

“நானும் பழசுதான்டே. நான் சுத்துகனா?”

மதியம் உட்கார்ந்து பார்த்தேன். பழுது டிஸ்கில்தான். ஆனால் மருந்து மெமரியில் இருக்கிறது. நாம் எதையாவது சேவ் செய்தால், கணினி அதை உடனே டிஸ்கில் எழுதுவதில்லை. முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, “ஆச்சு” என்று நமக்குச் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதும். இப்படி எழுதாமல் எவ்வளவு வைத்திருக்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமாக முப்பது விநாடி, மெமரியில் ஒரு சிறு பங்கு. பங்கு நிரம்பிவிட்டால் டிஸ்க் எழுதி முடிக்கும் வரை எல்லாரையும் நிறுத்தி வைக்கும். அக்கா பார்க்கும் சக்கரம் அதுதான்.

வரம்பை உயர்த்தினேன். மெமரியில் முக்கால் பங்கு, ஒரு மணி நேரம். இரண்டு வரி மாற்றம்.

இப்படிப்பட்ட மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதி பொன்னையா சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. கையெழுத்து வேண்டுமானால் விளக்க வேண்டும். விளக்கினால் பரிசீலனைக்குப் போகும். ஆகவே எழுதவில்லை.

மார்ச் 6, வியாழன்

சக்கரம் காணாமல் போயிற்று. சேவ் என்று அழுத்தினால் கண் சிமிட்டுவதற்குள் ஒரு பீப், பச்சை எழுத்தில் “சேமிக்கப்பட்டது.” லேபில் என்னை எழுந்து நின்று வரவேற்றார்கள். ஜெபசீலி அக்கா அச்சு முறுக்கு தந்தார். இரத்த அழுத்தம் இருக்கிறது என்றேன். “முறுக்குல உப்பு இல்ல, தின்னு” என்றார். இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

மாதாந்திரக் கூட்டத்தில் பொன்னையா சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “செலவே இல்லாம வேகத்தைக் கூட்டிய மிஸ்டர் தாணு” என்று கை தட்டச் செய்தார். இந்த மாதச் சிறந்த ஊழியர் என்று என் போட்டோ வரவேற்பறையில் மாட்டப்படும். புது டிஸ்க் இனித் தேவையில்லை என்றும் அதே மூச்சில் அறிவித்தார். என் வெற்றியை வைத்தே என் கோரிக்கையைப் புதைத்த திறமைக்கு, அடுத்த மாதம் அவர் போட்டோவை மாட்ட வேண்டும்.

வீட்டில் சொன்னேன். லேகா விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“அப்ப எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லுதா? அது பொய்தானே?”

“பொய் இல்ல. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுது.”

“நடுவுல கரண்ட் போனா?”

“மெமரியில இருக்கறது போயிரும். ஆனா யூ.பி.எஸ். இருக்கு. அதுக்குள்ள ஜெனரேட்டர் வந்துரும்.”

லேகா சிவப்பு மையில் யாருக்கோ பூஜ்யம் போட்டார். எனக்கில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில். கரண்ட் நாலு முறை போய் வந்தது. எல்லாம் தாங்கிற்று. பெருமையாக இருந்தது. போட்டோவில் என் மூக்கு சரியாக விழவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை 11.20க்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை. யூ.பி.எஸ். மூன்றே விநாடி உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. சர்வர் பொத்தென்று நின்றது. இருட்டில் பினாயில் வாசம் கூடுதலாகத் தெரியும் என்பது புது அறிவு.

11.50க்கு எல்லாம் எழுந்தது. பிழை எதுவும் காட்டவில்லை. பொன்னையா சாருக்கு “எல்லாம் நலம்” என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஏப்ரல் 23, புதன்

எல்லாம் நலமில்லை.

செல்லத்துரை என்று ஒருவர் உண்டு. அப்டா சந்தையில் வாழைக்குலை வியாபாரி. சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறார். இந்த நோய்க்கு வாழைப்பழம் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிவிடும். ஆயிரம் குலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பழம்கூடத் தின்னக் கூடாது என்ற தண்டனையைச் சிரித்துக்கொண்டே அனுபவிப்பவர். நேற்றுக் காலை அசதி என்று வந்தார். வார்டில் சேர்த்து இரத்தம் எடுத்தார்கள். கரண்ட் வந்த பிறகு மதியம் முழுவதும் கணினியில் அவர் பெயருக்கு நேரே “முடிவு வரவில்லை” என்றே இருந்தது. டாக்டர் இரண்டு முறை பார்த்தார். நர்ஸ் ஒரு முறை லேபுக்குப் போன் செய்தார். வரும் என்றார்கள். மாலை நாலு மணிக்கு அவர் இதயம் தாளம் தப்பியது. இப்போது தீவிர சிகிச்சையில்.

பரிசோதனை இயந்திரத்தின் தாளில் இருக்கிறது: பொட்டாசியம் 6.4, நேரம் 10.41. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆறரை என்றால் லேபே வார்டுக்குப் போன் போட வேண்டும் என்று விதி. ஆறரைக்கு ஒரு புள்ளி குறைவு. அதனால் கணினியில் பதிந்தால் போதும். கணினியில் பதிவு இல்லை.

பதிய வேண்டியவர் ஜெபசீலி அக்கா. மகளின் பாஸ்போர்ட் வேலைக்காக நேற்று 11.30க்கு அரை நாள் லீவில் போனார். இன்று காலை எல்லார் முன்னும் சொன்னார்: “நான் போட்டேன். பத்து நாப்பத்தெட்டுக்குப் போட்டேன். பீப் கேட்டுது. பச்சையா வந்துது.”

அவசரத்தில் மறந்திருப்பார். மனிதர்தானே.

யூ.பி.எஸ். பேட்டரி ஆள் ஜனவரியிலேயே “சார், இது இனி அலங்காரத்துக்குத்தான்” என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்லவில்லை. இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணைக் குழு. தலைமை டாக்டர், பொன்னையா சார், நர்சிங் மேற்பார்வையாளர். டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. ஆஸ்பத்திரியில் யாராவது சாகக் கிடந்தால்தான் முந்திரி பிஸ்கட் வரும்.

ஜெபசீலி அக்கா ஒன்றல்ல, ஐந்து முடிவுகளைப் பதியாமல் போயிருக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். மற்ற நாலும் வெளிநோயாளிகள், ஆபத்தில்லை. லீவு அவசரத்தில் ஐந்தையும் விட்டுவிட்டார் என்றார்கள். செல்லத்துரை பழம் தின்றிருப்பார் என்ற கோணமும் ஆராயப்பட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள்.

“மிஸ்டர் தாணு, சேவ் செஞ்ச ஒண்ணு கம்ப்யூட்டர்ல காணாமப் போகுமா?” பொன்னையா சார்.

“சேவ் செஞ்சது பொதுவா சேவ் ஆகும் சார்.”

“சிஸ்டத்துல கோளாறு ஏதாவது பதிவாயிருக்கா?”

“பதிவாகல சார்.”

இரண்டும் உண்மை. கோளாறு நடந்தால்தானே பதிவாகும். கணினி நான் சொன்னதைத்தான் செய்தது. “பொதுவா” என்ற சொல்லை நான் சேர்த்தே சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

ஏப்ரல் 26, சனி

சுயம்பு அண்ணனோடு டீ குடித்தேன். அக்காவின் பக்கத்து மேஜையில் இரத்த அணுக்கள் பார்க்கும் டெக்னீசியன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. அதனால் எதைப் பார்த்தாலும் நடுங்குகிறார்.

“ஒரு விசயம் யாருட்டயும் சொல்லாத, தாணு. அன்னைக்கு கரண்ட் வந்தப்புறம் பாத்தா, நான் போட்ட முப்பத்தேழு ரிசல்ட் இல்ல. பத்தேகால்ல இருந்து போட்டது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சத்தங்காட்டாம எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன்.”

“ஏன் அண்ணே சொல்லல?”

“நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். இந்த வயசுல கம்ப்யூட்டர் தெரியலன்னு சொல்லிட்டா?”

அக்கா இருந்திருந்தால் அவரும் திருப்பிப் போட்டிருப்பார். அவர் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நின்றார்.

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆஸ்பத்திரி வெறிச்சோடியிருந்தது. காலையில் போய் வரம்பைப் பழையபடி முப்பது விநாடியாக மாற்றினேன். சாதாரணப் பராமரிப்பு. பதிவேட்டில் எழுதவில்லை. மாற்றியதையே எழுதாதபோது, மாற்றியதை மாற்றியதை எப்படி எழுதுவது?

ஏப்ரல் 28, திங்கள்

சக்கரம் திரும்பி வந்துவிட்டது என்று காலையிலிருந்து பதினோரு போன். “என்ன ஆச்சு சார், உங்க மந்திரம்?” என்றார்கள். வெயில் என்று சொன்னேன். ஏப்ரல் கடைசியில் நாகர்கோவிலில் எதற்கும் வெயிலைச் சொல்லலாம், நம்புவார்கள்.

லேகா நம்பவில்லை. சாப்பிடும்போது கேட்டார்: “வேகமா ஓடினதை ஏன் மெதுவாக்கினீங்க?”

“சும்மாதான்.”

“சும்மாவா, செல்லத்துரைக்கு அப்புறமா?”

கத்தரிக்காயில் உப்பே இல்லை என்று சண்டை போட்டேன். அன்று முழுக்க அவர் பேசவில்லை. விடையைத் தெரிந்துகொண்டு பிள்ளைகளின் வாயிலிருந்து வரட்டும் என்று வகுப்பில் காத்திருப்பாரே, அந்த மாதிரி மௌனம்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். விடுமுறை. செல்லத்துரை கண் திறந்துவிட்டார். முதல் வார்த்தை, “நான் பழம் தின்னல்ல.”

மே 5, திங்கள்

அக்கா தன் சாமான்களை எடுக்க வந்தார். ஒரு டிபன் பாக்ஸ், இரண்டு பேனா, மூக்குக் கண்ணாடிக் கூடு, சுவரில் ஒட்டியிருந்த வேத வசன காலண்டர். எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கின. போகும்போது என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“தாணு, உன்ட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும், கேட்டியா?”

“சொல்லுங்கக்கா.”

“எனக்கு மறதி வந்துட்டா?”

எனக்குப் புரியவில்லை.

“எங்க அம்மைக்கு அம்பத்தஞ்சுல வந்துது. அடுப்புல பால வச்சிட்டு, வைக்கல்லன்னு சத்தியம் பண்ணுவா. வச்சது நெசம்னு நாங்க சொன்னா அழுவா. எனக்கு இப்பம் அம்பத்திரண்டு. நான் அந்த நம்பரப் போட்டது, பீப் கேட்டது, பச்சையா வந்தது எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு. ஆனா போடல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுகு. நீயும் அப்படித்தானே குழுவுல சொன்ன? அப்பம் நடக்காதது எனக்கு நடந்த மாதிரி இருக்குன்னா…”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“மக கேஸ் அடுப்புகிட்ட என்னைத் தனியா விடமாட்டேங்கா. அவ பயம் அவளுக்கு. திருவனந்தபுரத்துல மூளை டாக்டர்ட்ட வெள்ளிக்கிழமை போகணும். ஸ்கேன் எடுக்கணும்னாங்க.” சிரித்தார். “மத்தவங்களுக்கெல்லாம் ரிசல்ட் சொன்னவதானே. எனக்குன்னு வரும்போது கேக்கப் பயமா இருக்கு.”

சொல்ல வேண்டிய வாக்கியம் மிகச் சின்னது. ‘அக்கா, நீங்க போட்டீங்க.’ மூன்று சொல். வாயைத் திறந்தேன். “ஸ்கேன் நல்லதுதான்க்கா, ஒரு நிம்மதிக்கு” என்று வந்தது.

என் இரத்த அழுத்தம் இன்று நூற்று முப்பது. மருந்து நன்றாக வேலை செய்கிறது.

மே 6, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மே 9, வெள்ளி

அக்கா இன்று திருவனந்தபுரத்தில். காலை ரயிலில் போயிருப்பார்.

லேகாவிடம் சொன்னேன். எல்லாம். வரம்பு, ஒரு மணி நேரம், பேட்டரித் தாள், முப்பத்தேழு, ‘பொதுவா’. முடித்ததும் கேட்டார்.

“ஆபத்து இருக்குன்னு உங்களுக்கு மார்ச்லயே தெரியுமா?”

“தெரியும். நடக்காதுன்னு நெனச்சேன்.”

“குழுவுல உக்காந்தப்ப?”

“நடந்திருக்கும்னு தெரியும்.”

“அந்தம்மா முன்னாடி இருந்தப்ப?”

லேகா எழுந்துபோய் துணி மடித்தார். என் சட்டைகளை மட்டும் மடிக்காமல் நாற்காலியில் விட்டிருந்தார். நானே மடித்தேன். கை மடிப்பு எப்படி வரும் என்று இந்த வயதில்தான் கற்றேன்.

மே 11, ஞாயிறு

ஓரமாகக் கிடந்த பழைய கணினி ஒன்றில் அதே லேப் மென்பொருளை ஏற்றினேன். வரம்பை நான் வைத்த அதே அளவுக்கு உயர்த்தினேன். பத்து முடிவுகளைப் பதிந்தேன். பத்து பீப், பத்துப் பச்சை. இருபது நிமிஷம் பொறுத்து பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப ஓட்டினால் ஒன்றுகூட இல்லை. ஆறு முறை செய்தேன். முதல் முறையே போதும். மற்ற ஐந்தும், ஒரு தடவையாவது மிஞ்சாதா என்ற நப்பாசை.

மே 12, திங்கள்

பழைய கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து பொன்னையா சார் அறைக்குக் கொண்டுபோனேன். தலைமை டாக்டரையும் வரச் சொல்லியிருந்தேன். புது வசதி ஏதோ காட்டப் போகிறேன் என்று பொன்னையா சார் முகம் மலர்ந்திருந்தது.

“சார், உங்க பேரைப் போட்டு 6.4ன்னு பதிஞ்சு சேவ் கொடுங்க.”

கொடுத்தார். பீப். பச்சை எழுத்து. “பிரமாதம். என்ன வேகம்!”

“இப்ப டீ குடிப்போம் சார்.”

பத்து நிமிஷம் டீ குடித்தோம். அந்த டீயை விட நீளமான டீயை நான் குடித்ததில்லை. பிறகு சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி மாட்டி, ஓட்டி, அவர் பெயரைத் தேடச் சொன்னேன். தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினார்.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகல சார். வரவே இல்ல. மெமரியிலயே இருந்துது, டிஸ்குக்கு வரல.”

பழைய வரம்புக்கு மாற்றி, இரண்டாம் முறை செய்யச் சொன்னேன். ஒரு நிமிஷம் மட்டும் பொறுத்துப் பிடுங்கினேன். இந்த முறை அவர் பெயரும் 6.4ம் அப்படியே இருந்தன.

தலைமை டாக்டருக்குத்தான் முதலில் புரிந்தது. திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அந்த வரம்பை உயர்த்தினது யாரு?”

“நான்தான் சார். மார்ச் அஞ்சாம் தேதி. யாருகிட்டயும் சொல்லல. யூ.பி.எஸ். செத்துப் போச்சுன்னும் தெரியும். குழுவுல நீங்க கேட்டப்பவும் இதெல்லாம் தெரியும்.”

பொன்னையா சார் கதவைச் சாத்தினார். நல்ல நிர்வாகி எந்த நெருக்கடியிலும் முதலில் கதவைச் சாத்துவார். “இங்க பாருங்க தாணு. ‘தொழில்நுட்பக் கோளாறு’ன்னு பொதுவா ஒரு வரி எழுதிருவோம். ஜெபசீலியை எச்சரிக்கையோட திரும்ப எடுத்துக்கலாம். யார் பேரும் வேண்டாம்.”

எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். இருபது நாளாக நான் கனவு கண்ட வாக்கியம் அது, ‘பொதுவா’ என்ற என் சொல்லும் அதில் இருந்தது. தலை தானாக ஆடத் தொடங்கியதை ஒப்புக்கொள்கிறேன். பாதி ஆட்டத்தில் நிறுத்தினேன்.

“ஃபைல்ல அக்கா பேரு ஏற்கெனவே இருக்கே சார். அதை எடுக்கணும்னா அந்த இடத்துல வேற ஒரு பேரு வேணும்.”

கடிதத்தைக் கொடுத்தேன். தேதி, நேரம், எண்கள், என் பெயர், பேட்டரித் தாளின் நகல். பதிவேட்டிலும் மார்ச் 5க்கும் ஏப்ரல் 27க்கும் இன்றைய தேதி போட்டு எழுதினேன். பொன்னையா சார் கையெழுத்திட்டார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு வந்திருந்த செல்லத்துரையிடமும் சொன்னேன். அவர் மனைவி பக்கத்தில் ஆப்பிளை நறுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்பம் நான் பழம் தின்னல்லன்னு இவளுக்குச் சொல்லும்” என்றார் முதலில். சொன்னேன். சிரித்தார். சிரிப்பு நின்றதும் கேட்டார்: “நான் செத்திருந்தா இதை யாருட்ட வந்து சொல்லியிருப்பீரு?”

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

அக்கா வீடு கோட்டாறில், ஒரு சந்தின் கடைசி. லேகா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். துணைக்கு ஆள் இருந்தால் அழகாகப் பேசிவிடுவேன்.

வாசலிலேயே நின்று சொன்னேன். “அக்கா, நீங்க போட்டீங்க. பத்து நாப்பத்தெட்டுக்கு. நான்தான் அது தங்காத மாதிரி செஞ்சு வச்சிருந்தேன்.” பிறகு மீதியையும் சொன்னேன்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அப்பம் பீப் கேட்டது?”

“கேட்டது நெசம்.”

“பச்சை?”

“அதும் நெசம்.”

“ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுதான் டாக்டர் சொன்னாரு. நான் நம்பல்ல. ஒண்ணுமில்லன்னா பின்ன எப்படி மறந்தேன்னு அவருட்டயே சண்டை போட்டேன்.” கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “பிரீடா! இங்க வா. இவர் சொல்லுகத நீயும் கேளு. தாணு, திருப்பிச் சொல்லு. முதல்ல இருந்து.”

மகள் வந்து நின்றாள். முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

மகள் “உக்காருங்க, டீ போடுகேன்” என்று வழக்கத்துக்குச் சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

“நீ நில்லு” என்றார் அக்கா. “நான் போடுகேன்.”

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அடுப்பு பிடிக்கும் சத்தம். மகள் அடுக்களை வாசல் வரை போய், அங்கேயே நின்று, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

டீயில் சீனி அதிகம். குடித்தேன். தம்ளரை வாங்கும்போது அக்கா சொன்னார்.

“பதினெட்டு நாளு தாணு. என் தலையை நானே நம்பாம இருந்தேன். நீ அறைக்குள்ள உக்காந்துகிட்டு ஸ்கேன் நல்லதுன்னு சொன்ன பாத்தியா? கரண்ட் போனதுக்கு நீ பொறுப்பில்ல. அதுக்கு நீதான் பொறுப்பு.”

“ஆமாக்கா.”

“இனி இங்க வராத.”

மே 20, செவ்வாய்

விசாரணை என்னைப் பற்றி. முந்திரி பிஸ்கட். ஆறு மாதச் சம்பள உயர்வு நிறுத்தம், தலைவர் பதவி பறிப்பு. வேலையை விட்டு நீக்கவில்லை, இந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம். ஆகவே இப்போது கணினிப் பிரிவில் தலைவர் இல்லை, கடைநிலை ஊழியர் மட்டும் இருக்கிறார். புது டிஸ்கும் பேட்டரியும் வாங்க ஒரே நாளில் ஒப்புதல் வந்தது. வர மூன்று வாரம் ஆகும்.

ஜெபசீலி அக்காவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, எல்லா நாளுக்கும் சம்பளத்தோடு அழைத்தார்கள். கடிதத்தைத் தலைமை டாக்டரே நேரில் கொண்டுபோனார். வரவேற்பறையில் என் போட்டோ இருந்த ஆணியில் இப்போது தீயணைப்பு வழிமுறைகள் தொங்குகின்றன. பார்க்க என்னைவிட உபயோகமாக இருக்கிறது.

மே 26, திங்கள்

அக்கா வேலைக்கு வந்துவிட்டார். வராந்தாவில் எதிரே வந்தேன். சுவரைப் பார்ப்பதுபோல் என்னைத் தாண்டிப் போனார்.

10.15க்கு என் மேஜை போன் அடித்தது. லேப்.

“செல்லத்துரை. பொட்டாசியம். போட்டுட்டேன்.” அக்கா குரல். கொஞ்சம் நிறுத்தி, “ஆச்சா?”

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. திரையில் பச்சை வந்துவிட்டது. அதை அவரே பார்த்துக்கொள்வார். அது டிஸ்கில் உண்மையிலேயே எழுதப்பட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்கிறார். எழுந்து சர்வரில் பார்த்தேன். இருந்தது.

“ஆச்சுக்கா.”

வைத்துவிட்டார். மாலைக்குள் பதினேழு முறை.

மே 29, வியாழன்

இருபத்திரண்டு முறை. வேறு ஒரு சொல் இல்லை. பார்க்காமலே “ஆச்சு” என்று சொல்லிவிடலாம். முப்பது விநாடியில் தானாக எழுதப்பட்டுவிடும், தப்பு வர வழியில்லை. பொன்னையா சாரும் அதையே சொன்னார்: “சும்மா ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன்.” ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துதான் சொல்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

காலைக் கூட்டம் அதிகம். பழைய டிஸ்க் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு போன்.

“ஒரு கைக்குழந்தை. மஞ்சக்காமாலை. பிலிருபின் போட்டுட்டேன். ஆச்சா?”

போய்ப் பார்த்தேன். இல்லை. இன்னும் வரவில்லை. ரிசீவரை எடுத்தேன்.

“இன்னும் இல்லக்கா. கொஞ்சம் பொறுங்க.”

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் இயந்திரம் சுழலும் சத்தமும், ஒரு குழந்தை வீறிட்டு அழுவதும், அக்கா மூச்சு விடுவதும் கேட்டன. என் மூச்சும் அவருக்குக் கேட்டிருக்கும். திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தது.

“ஆச்சுக்கா” என்றேன்.

“சரி தாணு” என்றார்.